என் கால் எட்டாத சுவிட்ச்

செய்யாத குற்றத்துக்கு அப்பாவிடம் நான் வாங்கிய அறை ஒன்று உண்டு. எனக்கு அப்போது எட்டு வயது. இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் காது சூடாகிறது. திருடனைக்கூட நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் அடிப்பார்கள். என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் ஓர் அம்பாசிடர் கார் நின்றது. அப்பா வாங்கியதல்ல. அப்பாவின் அக்காவை, அதாவது என் அத்தையை, ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாமா இறந்த பிறகு அத்தை எங்களோடு வந்துவிட்டாள். மாமா ஓட்டிய காரும் கூடவே வந்தது.

அந்தக் கார்களில் முன்விளக்கை டிம், பிரைட் என்று மாற்றுவதற்குக் கைக்கு வேலை இல்லை. கிளச்சுக்கு இடது பக்கம் தரையில் ஒரு பொத்தான் இருக்கும். இடது காலால் மிதித்தால் டக்கென்று டிம், இன்னொரு மிதிக்குப் பிரைட். ஆயுத பூசை கழிந்த மறுவாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரும்பும் வழியில், எதிரே வந்த லாரிக்கு அப்பா டிம் போட்டார். அதோடு சரி, பிரைட் திரும்பி வரவில்லை. எவ்வளவு மிதித்தும் அந்த டக் சத்தமும் இல்லை. ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னாலேயே ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் எங்கள் தெருமுனை மெக்கானிக் வந்தார். இரண்டு பல்பையும் கழற்றிப் புதிது போட்டார். டிம் எரிந்தது, பிரைட் எரியவில்லை. ஃபியூசைத் தேய்த்துப் போட்டார். ஊகூம். இரண்டு பல்பும் பேசி வைத்துக்கொண்டு ஒரே நேரத்திலா போகும் என்று எட்டு வயதுப் பிள்ளைக்கே தோன்றியது, அவருக்குத் தோன்றவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்ட மனிதர், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

“புள்ளைக ஏறி மிதிச்சு வெளயாடுதுக போல. சுவிட்சு போயிருக்கும் அண்ணாச்சி.”

தீர்ப்பு எழுதியாகிவிட்டது. “இனிமே காருல ஏறுன, கால ஒடிச்சிருவேன்” என்றார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பிளவக்கல் அணைக்குப் போவதாக இருந்தது. நான் மட்டும் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

காரில் ஏறி விளையாடியது உண்மை. ஆனால் அந்த சீட்டில் உட்கார்ந்தால் என் கால் சுவிட்சுக்கு ஒரு சாண் மேலே தொங்கும். உட்கார்ந்து காட்டுகிறேன், வந்து பாருங்கள் என்று தொண்டை வறளக் கத்தினேன். அதைக் காட்ட வேண்டுமானால் காரில் ஏற வேண்டும். ஏறினால் காலை ஒடிப்பார். இதற்குப் பெயர் நியாயமாம்.

சனிக்கிழமை, “வாட்டி, நீ செஞ்சு வச்ச வேலைய நீயே வந்து பாரு” என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். குற்றவாளிக்குப் பின் சீட்டு உண்டு போலும். அங்கே இருந்த கார் எலக்ட்ரீசியன் மாமா காலத்திலிருந்தே அந்த வண்டியைப் பார்க்கிறவர். இருட்டான தகரக் கொட்டகைக்குள் காரை விடச் சொல்லி, ஒரு துண்டு வயரால் சுவிட்சின் இரண்டு முனைகளைச் சேர்த்துப் பிடித்தார். எதிர்ச் சுவர் முழுக்கப் பளீரென்று வெளிச்சம் விழுந்தது.

“பல்பு, வயரு எல்லாம் சுத்தம். சுவிட்சுதான்” என்றார். நான் அப்பாவிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

பிறகு தரையில் கிடந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினார். பொத்தானைச் சுற்றி மஞ்சளாக ஏதோ அப்பிக் காய்ந்திருந்தது. நடுவில் சிவப்பு. ஸ்குரூ டிரைவரால் சுரண்டி மோந்து பார்த்தார்.

“சந்தனம், அண்ணாச்சி! உள்ள எறங்கிக் காஞ்சு பொத்தான அமுங்க விடாமப் புடிச்சிருக்கு. குங்குமமும் வச்சிருக்காக. கால் மிதிக்கிற எடத்துல எவளாவது பொட்டு வைப்பாளா?” என்று சிரித்தார். “உங்க அத்தான் எடது கால் எப்பமும் இதுமேலதான் கெடக்கும். எதுத்தாப்புல வண்டி வராட்டாலும் தட்டிக்கிட்டே வருவாக.”

அப்பா சிரிக்கவில்லை. குனிந்து தன் கைக்குட்டையால் அந்த இடத்தைத் தானே துடைத்தார். கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். சுவிட்சைக் கழுவி மாட்டியதும் டக், டக்கென்று வேலை செய்தது. என் வழக்கில் நான் ஜெயித்துவிட்டேன் என்று துள்ளிக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் அம்மாவும் அத்தையும் நின்றிருந்தார்கள். “சரியாப்போச்சு. இவ மிதிச்சதுதான்” என்றார் அப்பா.

பெற்ற தகப்பன், கண்ணால் பார்த்துவிட்டு வந்து, கூசாமல் சொல்கிறார்! “பொய்! அதுக்குள்ள சந்…” என்று தொடங்கினேன். முடிக்கவில்லை, அறை விழுந்தது. அப்பா என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

ஞாயிற்றுக்கிழமை கார் பிளவக்கல் போயிற்று. எங்கேயும் போகாத அத்தையும், போக விடப்படாத நானும் வீட்டில் இருந்தோம். முருங்கைக் கீரை உருவிக்கொண்டே அத்தை கேட்டாள்.

“அந்தக் கடையில என்னட்டி நடந்துச்சு?”

கேட்க ஓர் ஆள் கிடைத்ததே என்று ஒன்று விடாமல் கொட்டினேன். கைக்குட்டையைப் பற்றிச் சொன்னபோது அத்தையின் கை நின்றுவிட்டது.

“தூரப் போடலியா?”

“இல்ல. பைக்குள்ள வச்சிக்கிட்டாரு.”

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எனக்கு நடந்த அநியாயத்துக்குத்தான் அழுகிறாள் என்று எனக்கு இன்னும் ரோஷம் பொங்கியது.

“யாரு வச்சான்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன் அத்தை. ஆயுத பூசையன்னிக்கு அம்மா காருக்கு முன்னாலயும் ஸ்டீரிங்குலயுந்தான் வச்சா, நான் பாத்தேன். தம்பியக் கேக்கப் போறேன், கார் கழுவ வாரவரக் கேக்கப் போறேன். உங்கள மட்டும் கேக்கமாட்டேன். நீங்கதான் குங்குமத்தத் தொடவே கூடாதே.”

“ஆமாட்டி” என்றாள் அத்தை. “நான் தொடக் கூடாது.”

வீட்டில் இவள் ஒருத்தியாவது என் பக்கம் இருக்கிறாள் என்று எனக்கு அன்றைக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.