நீல வட்டம் போட்ட கிணறுகள்

சர்க்கார் அச்சடித்த வரைபடத்தை நம்பி ஜீப் ஓட்டுகிறவனுக்கு இரண்டு கண் போதாது. சர்க்கார் தாளை நம்பி அலைந்த உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை. பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் குடிநீர்க் கிணறுகளைக் காட்டும் வரைபடம் சரியாக இருக்கிறதா என்று நேரில் பார்க்க ஒரு அதிகாரி வந்தார். அவருக்கு நான்தான் டிரைவர். நீல வட்டம் இருந்தால் கோடையிலும் வற்றாத கிணறு என்று அர்த்தம். அந்த ஊருக்குப் புதிதாக ஆழ்துளைப் போர் போடமாட்டார்கள்.

நேர்வழி

அரியலூரைத் தாண்டி ஒரு வட்டத்தைத் தேடிப் போனோம். படத்தில் பாதை நேர்கோடாக இருந்தது. தரையில் சோளக்கொல்லைதான் இருந்தது. "படத்துல இருக்குல்ல, போ" என்றார் அதிகாரி. போனேன். சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளத்தின் விளிம்பில் பிரேக்கை மிதித்தேன். முன்சக்கரத்தின் கீழிருந்து சரளை உருண்டு விழும் சத்தம் அடங்கவே நேரமாயிற்று.

படம் வரைந்தவனை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, என்னைத்தான் திட்டினார். அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. ஆடு மேய்த்த பெரியவர் ஒருவர் வந்து பள்ளத்தை எட்டிப் பார்த்தார். "நீங்க தேடுற கெணறு இதுக்குள்ளதாங்க போயிருச்சு. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தா நேரா போயிச் சேந்திருப்பீங்க."

மரியாதை

ரஞ்சன்குடிப் பக்கம் ஒரு ஊர். அதிகாரி கிணற்றுக்குள் அளவு டேப்பை இறக்கி, நனைந்த அளவைப் பார்த்து, வட்டம் சரி என்று குறித்துக்கொண்டார். ஜீப்பைத் திருப்பும்போதுதான் பார்த்தேன், வேப்பமரத்தடியில் காலிக் குடங்கள் வரிசையாக நின்றன. தண்ணீர் இருந்தும் ஏன் யாரும் இறைக்கவில்லை என்று ஒரு அம்மாவைக் கேட்டேன். "நேத்துலேருந்து யாரும் எறைக்கலீங்க, ஊறட்டும்னு வுட்டுட்டோம். ஆபீசர் வர்ற அன்னிக்குக் கெணறு காஞ்சு கெடந்தா ஊருக்குக் கேவலம் இல்லீங்களா?"

கைநனைக்காத விருந்தாளிகள்

அடுத்த ஊரில் கிணற்றை ஒட்டிய வீட்டு வாசலில் கூட்டம். மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் வீட்டார் வந்திருந்தார்கள். அதிகாரி ஊர்த் தலைவரிடம் கேட்டார்: "கோடையில தண்ணி நிக்குமா?"

பெண் வீட்டார் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். தண்ணீர் இல்லாத ஊருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? "வத்துனதே இல்லீங்க சார்" என்றார் தலைவர். அதிகாரி பேனாவைத் திறந்தார். அவர் குறித்துவிட்டால் ஊருக்குப் போர் கிடையாது. அது தலைவருக்கும் தெரியும்.

மாப்பிள்ளையின் அம்மா காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றடிக்கு வந்தார். "அக்கா, ஒம் மவனுக்குக் கலியாணம் வேணாமா?" என்று தலைவர் பல்லைக் கடித்தார். அந்தம்மா வாளியை உள்ளே விட்டார். கயிறு முழுதும் ஓடி, தகரம் பாறையில் மோதியது.

"கேட்டுக்குங்கண்ணே" என்றார் பெண்ணின் அப்பாவைப் பார்த்து. "இன்னிக்கி மறைச்சுட்டா, நாளைக்கி ஒங்க பொண்ணுதான் இந்தச் சத்தத்தைக் கேக்கணும்."

அதிகாரி படத்திலிருந்த வட்டத்தைப் பேனாவால் குறுக்கே அடித்தார். காபி ஆறிக்கொண்டிருந்தது, யாரும் தொடவில்லை. பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "நீங்க நல்லவங்க தங்கச்சி. போரு போட்டுத் தண்ணி வரட்டும், அப்பறம் தேதி பாப்போம்."

திருத்தி அச்சடித்த புது வரைபடத்திலும் அந்த வட்டம் நீலமாகவே இருந்தது. அதை வரைந்தவனுக்கு எந்த ஊரில் பெண் கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.