கணவர் பெயரில் வந்த மேற்கோள்கள்

ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தை இரண்டாவதாக வைக்கச் சொல்லி நெறியாளரின் செய்தி வந்தபோது அக்காவின் கையில் தோசைக்கரண்டி இருந்தது. படித்து முடித்ததும் அதை அப்படியே மடிக்கணினியின் மேல் வைத்துவிட்டாள். “எல்லா நம்பரும் மாறும்டி,” என்றாள். படங்களின் எண், அட்டவணைகளின் எண், ‘நான்காம் அத்தியாயத்தில் கண்டதுபோல’ என்று எழுதிய இடங்கள், அடிக்குறிப்புகள் எல்லாவற்றையும் கையால் திருத்த வேண்டும். முன்பு ஒருமுறை அப்படித் திருத்தப்போய் இரண்டு படங்களுக்கு ஒரே எண் விழுந்து, கடைசியில் கோப்பே திறக்காமல் அடம்பிடித்தது.

அக்கா நெய்வேலியில் தமிழாசிரியை. மாமாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட். காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களைப் பற்றி அவள் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துப் போய் அவர்களோடு உட்கார்ந்து தானும் உடைப்பாள். ஓட்டிலிருந்து கசியும் கொட்டைப்பால் பட்டு விரல்தோல் உரிந்து திரும்புவாள். மறுநாள் சாக்பீஸ் பிடிக்க முடியாது. கேட்டு எழுதினால் போதாதா என்றேன். “சும்மா உக்காந்து கேட்டா, சும்மா இருக்கிற ஆளுக்குச் சொல்ற மாதிரிதான்டி சொல்லுவாங்க,” என்றாள்.

நான் அப்போது அவர்களுடைய குவார்ட்டர்ஸின் முன்னறையிலிருந்து சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆய்வேட்டை வெறும் எழுத்துக்கோப்பாக மாற்றிவிடலாம் என்று சொன்னேன். படத்துக்கு எண் போடாதே, பெயர் வை. நூலுக்கும் பெயர் வை. தேவையான இடத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், எண்ணையும் துணைநூற்பட்டியலையும் மென்பொருளே போட்டுக்கொள்ளும். யாரும் இலவசமாக எடுத்து, உள்ளே திறந்து பார்த்து, வேண்டியபடி மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள் அது. “காசு வாங்காம எவன் குடுப்பான்?” என்று சந்தேகப்பட்டாலும் அன்றே பெயர் வைக்க ஆரம்பித்துவிட்டாள். கொட்டைப்பாலில் வெந்துபோன உள்ளங்கையின் படத்துக்கு ‘வெந்தகை’ என்று வைத்தாள். அத்தியாயத்தை இடம் மாற்றி மென்பொருளை ஓட்டியதும் எண்கள் எல்லாம் தாமாகச் சரியானதைப் பார்த்து, ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த மாமாவை உலுக்கி எழுப்பினாள். “நம்பர் மாறிடுச்சு, சரி. நான் தூங்கட்டுமா?” என்றார் அவர்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. தன்னிடம் பேசிய பெண்களைப் பின்னிணைப்பில் தகவலாளர்களாகப் போடாமல், துணைநூற்பட்டியலிலேயே நூலாசிரியர்களோடு சேர்க்க வேண்டும். “அவங்க தகவலாளர்கள்மா, ஆசிரியர்கள் இல்ல,” என்றார் நெறியாளர். “அவங்க சொன்னதத்தான சார் நான் எழுதியிருக்கேன்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டு, அரைமனதாக அவரைச் சம்மதிக்கவைத்தாள். நேர்காணலுக்கென்று அந்தப் பட்டியலின் வடிவத்தில் இடமே இல்லை. மென்பொருளைத் திறந்து நான் ஒரு இடம் உண்டாக்கினேன். ஓட்டிப் பார்த்தோம்.

‘பால் பட்ட உடனே தெரியாது, சோறு பிசையும்போதுதான் எரியும்’ என்ற வரிக்குப் பக்கத்தில், சொன்னவர் பெயராக ‘கோவிந்தன்’ என்று வந்திருந்தது. பெயர் கேட்டபோது அந்தப் பெண் ‘அஞ்சலை கோவிந்தன்’ என்று சொல்லியிருந்தார். கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயராக எடுத்து, மேற்கோளில் அதை மட்டும் போடுவது மென்பொருளின் வழக்கம். பக்கம் பக்கமாகப் பெண்கள் சொன்னதையெல்லாம் கணவர்மார்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்கா முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அவள் முகம் மாறிவிட்டது. “அந்த மனுஷன் செத்துப்போயாச்சு. உயிரோட இருந்தப்பவும் ஒரு கொட்ட ஒடச்சதில்லையாம். அவருக்கு எங்கடி எரியும்?”

மென்பொருள்காரர்கள் கூடும் இணையப் பக்கத்தில் கேட்டேன். முகம் தெரியாத ஒருவர் பதில் எழுதினார்: பெயரை நெளிவு அடைப்புக்குறிக்குள் வைத்தால் பிரிக்காது. அப்படியே செய்தேன். அக்கா அதோடு நிற்காமல் கணவர்களின் பெயர்களையும் எடுத்துவிட்டாள். அஞ்சலை, வெறும் அஞ்சலை ஆனார்.

வாய்மொழித் தேர்வுக்கு என்னோடு அஞ்சலையும் வந்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, யார் கேள்வி கேட்டாலும் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் அக்கா அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“எம் பேரு மட்டும் தனியா நிக்கிதே, டீச்சர்.”

“அவரு பேரும் வேணுங்களா? சேத்துடுறேன்.”

அஞ்சலை வேண்டாமென்று கையசைத்தார். “அவரு எதுக்கு? எங்கம்மா கையப் பாத்துக்கினுதான் நான் ஒடைக்கப் பழகுனது. அதும் பேரு ஒரு காகிதத்துலயும் இல்ல. முனியம்மா. அதுக்கு எடம் இருக்குதுங்களா?”

அக்கா என்னைப் பார்த்தாள். இருக்கிறது என்றேன். இறுதிப் பிரதி கட்டுவதற்கு முன் அவளே உட்கார்ந்து அஞ்சலையின் பெயருக்குப் பின்னால் ‘முனியம்மா’ என்று தட்டினாள். மாற்றியது ஒரே இடத்தில்தான். அஞ்சலை பேசிய பக்கங்களிலெல்லாம் அவருடைய அம்மாவும் வந்துவிட்டார். ஒவ்வொரு பக்கமாகப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் அக்கா எழுந்தாள்.

இப்போது அக்கா வேறு ஊர்ப் பள்ளியில் இருக்கிறாள். போன மாதம், எங்களுக்கு அறிமுகமே இல்லாத ஒரு மாணவியின் கட்டுரை இணையத்தில் கண்ணில் பட்டது. அக்காவின் ஆய்வேட்டிலிருந்து எடுத்தாண்டிருந்தாள். சோறு பிசையும்போது எரியும் என்ற வரி இருந்தது. சொன்னவர் அஞ்சலை முனியம்மா என்று இருந்தது. உடனே அக்காவுக்கு அனுப்பினேன். பிறகு அவளே போனில் கூப்பிட்டாள். பின்னால் பஸ் இரைந்துகொண்டிருந்தது.

“காடாம்புலியூர் போயிட்டிருக்கேன். இத அஞ்சலைகிட்ட போன்ல சொல்ல முடியாதுடி,” என்றாள்.