பழைய சம்பாவுக்கு ஓர் இடம்

செஞ்சியில் ஒரு தனியார் நெல் மண்டியின் கம்ப்யூட்டரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பார்த்துக்கொள்வது என்றால், எனக்கு முன்னால் இருந்த புண்ணியவான் எழுதிவைத்துவிட்டுச் சென்னைக்குக் கிளம்பிப்போன குளறுபடிகளோடு மல்லுக்கட்டுவது.

அன்றைக்கு மத்தியானமே ராஜகிரிக் கோட்டை மலைப் பக்கம் வானம் கறுத்துவிட்டது. அனந்தபுரத்திலிருந்து ஒரு அக்கா மினி லாரியில் நெல் கொண்டுவந்திருந்தார். தார்ப்பாய் பாதி மூட்டைக்குத்தான் எட்டியது. எடை போட்டுக் கம்ப்யூட்டரில் பதிந்தால்தான் சரக்கை உள்ளே இறக்குவார்கள். மற்ற வண்டிகளெல்லாம் மளமளவென்று பதிவாகிப் போக, அவருடையது மட்டும் ஏறவே இல்லை. திரை கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும், அப்புறம் பிழை என்று துப்பும்.

“போன வருசத்து சம்பாவா? பேசாம இந்த வருசம்னு போட்டுடலாம்மா,” என்றார் அக்காவிடம் எடை போடுகிற அண்ணன்.

அக்கா விட்டாரா! “இன்னாங்க பேசறீங்க? பழைய நெல்லுக்குத்தானே நல்ல வெல? புதுசுன்னு போட்டா, ஒரு வருசம் நான் வச்சிருந்தது இன்னாத்துக்கு?”

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. “அப்ப வண்டிய ஓரம் கட்டு. பின்னாடி எத்தினி பேரு நிக்கிறாங்க பாரு.”

ஓரம் என்றால் வெட்டவெளி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இருங்க சார், தப்பு அவங்க நெல்லுல இல்ல, நம்மகிட்டதான்,” என்று சொல்லிவிட்டு நிரலைத் திறந்தேன்.

அந்தப் புண்ணியவான், இந்த வருஷத்து சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டத்துக்கு, அதாவது சாகுபடிப் பருவத்துக்கு, ஒரு டேபிளாகப் பிரித்திருந்தான். எல்லா வண்டியும் முதலில் பதிவாகிற பெரிய டேபிளில் ஒரு வரி விழுந்தால் டிரிகர் என்கிற கட்டளை தானாக ஓடி, அதை உரிய பட்டத்துக்கு அனுப்பும். சரி, எதிலும் சேராத நெல் வந்தால்? ‘பெரிய டேபிளிலேயே போடு’ என்று எழுதிவைத்திருந்தான். அடப்பாவி! அங்கே போட்டதும் டிரிகர் மறுபடி ஓடும், இடம் தேடும், இல்லையென்று மறுபடி அங்கேயே போடும், அதனாலேயே மறுபடி ஓடும். மெஷின் மூச்சுமுட்டி விழுகிறவரை இதே கூத்து. இங்கே பெரும்பாலும் அறுத்த கையோடு விற்றுவிடுவார்கள். வருஷம் கடத்திக்கூட ஒருத்தர் கொண்டுவருவார் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

‘பழையது’ என்று தனியாக ஒரு டேபிள் போட்டேன். அதற்கு டிரிகர் கிடையாது. எந்தப் பட்டத்திலும் சேராததெல்லாம் நேராக அங்கே போகட்டும், திரும்பி வரவேண்டாம். அவ்வளவுதான் வேலை. அதற்குள் தகரக் கூரையில் தூறல் விழ ஆரம்பித்தது.

“இப்ப போடுங்கண்ணே.”

ஏறியது! ரசீது கரகரவென்று வந்தது. அப்பாடா! மூட்டை தூக்குகிறவர்கள் ஓடினார்கள். கடைசி மூட்டை கூரைக்குள் வந்தபிறகுதான் மழை பிடித்துக்கொண்டு கொட்டியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ரசீதில் ‘சம்பா, போன வருடம்’ என்று இருந்ததை அக்கா இரண்டு தரம் படித்துப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“ஒரு வருசமா எலிகிட்ட இருந்து காப்பாத்தினேம்மா. உங்க கம்ப்யூட்டர்கிட்ட இருந்து காப்பாத்தறதுக்குள்ளதான் உயிரே போயிடுச்சி.”