மாடியில் ஒரு தாய்வீடு

டாக்டர் சீதாலக்ஷ்மி நினைத்திருந்தால் மட்டாஞ்சேரி பஜாரிலேயே கிளினிக் போட்டு உட்கார்ந்திருக்கலாம். அவரோ காயலுக்குள் கிடக்கும் துருத்துகளுக்குப் படகேறிப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்த்தார். பாலமோ ஆஸ்பத்திரியோ இல்லாத குட்டித் தீவுகள் அவை. அரிசிக் கிடங்குக்காரர்கள், "டாக்டரம்மாவுக்கு நீச்சல் தெரியுமா?" என்று சீண்டுவார்கள்.

"தெரியாது. அதனாலதான் படகுல போறேன்" என்பார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். அந்தப் பட்டத்தோடு போய் அவருடைய பையைத் தூக்கினேன். இன்றும் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

1998 மழைக்காலம். ஒரு துருத்தில் இறால் வளர்க்கும் கெட்டுப் பண்ணையில் வேலை செய்யும் காளியின் வீட்டுக்குப் போயிருந்தோம். பள்ளுருத்தியில் கட்டிக்கொடுத்த மகள் ரஜிதாவை, ஏழாம் மாதம் பலகாரம் வைத்துப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தாள் காளி. ரஜிதாவின் முகம் ஊதியிருந்தது. தலைவலி என்றாள். டாக்டர் பிரஷர் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"முகத்துல நீர் வெச்சா ஆம்பளப் புள்ளதான்" என்றாள் காளி.

"எதுவா இருந்தாலும் ரெண்டு உசுரும் வேணும்ல? பிரஷர் ரொம்பக் கூடிப்போச்சு. வலிப்பு வந்துச்சுன்னா இங்க வெச்சு என்னால ஒண்ணும் செய்ய முடியாது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"அது பற்றாது, நடக்காது டாக்டரே. பெத்துட்டுத்தான் இவ படி எறங்குவா. நடுவுல அக்கரைக்கு விட்டா, காளிக்குச் சோறு போட வக்கில்லைன்னு இவ மாமியா பள்ளுருத்தி முழுக்கப் பறஞ்சு நடக்கும்."

படகுக்காரர் ராமபத்ரன் வாசலில் வந்து நின்றார். "டாக்டரே, வேலியிறக்கம் தொடங்கியாச்சு. தோட்டில் வெள்ளம் வற்றினால் வஞ்சி போகாது. பின்னே சந்தியாவுக்குத்தான்." ஓதம் இறங்கித் தோடு என்கிற கால்வாயில் நீர் வற்றிவிட்டால் சாயங்காலம்வரை படகு நகராது என்று அர்த்தம்.

டாக்டர் வலிப்பைத் தடுக்கும் ஊசியைப் போட்டார். அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டுக் காளியிடம் திரும்பினார்.

"அந்த ஸ்டவ்வை எடு. சட்டி, அரிசி, மருந்துச் சாமான் எல்லாத்தையும் கட்டு. இவ ஆஸ்பத்திரியில இருக்கட்டும், மட்டாஞ்சேரியில என் வீட்டு மாடி ரூம் சும்மாத்தான் கிடக்கு. பிரசவம் முடியறவரைக்கும் அது உன் வீடு. பத்தியச் சோறு நீதான் ஆக்கணும். சம்பந்தி வந்தா நீ சாயா போட்டுக் குடு."

காளி அசையவில்லை.

"அம்மா, உன் மொகம் ரெண்டாத் தெரியுது" என்றாள் ரஜிதா.

காளி உள்ளே போய் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

தோட்டின் பாதியில் படகு சேற்றில் அமர்ந்தது. ராமபத்ரனும் நானும் இறங்கி, இடுப்புவரை சேற்றில் நின்று தள்ளினோம். ரஜிதாவை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்திருந்த டாக்டர் அவளிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஊர் கேட்டார், சொன்னாள். தெருவைக் கேட்டார், சொன்னாள்.

"உன் வீட்டுக்காரர் பேரு?"

பதிலில்லை. டாக்டர் அவள் கன்னத்தைத் தட்டினார். "பேரு சொல்லு ரஜிதா." கண் திறந்திருந்தது. உதடு அசையவில்லை. நினைவு தப்புகிறதா என்று டாக்டர் குனிந்து பார்த்தார்.

"புருஷன் பேரை எப்படிச் சொல்லுவா டாக்டரே, நாலு பேரு முன்னால?" என்றாள் காளி.

"வெக்கமா, மயக்கமான்னு எனக்குத் தெரியணும் காளி."

காளி மகளின் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "சொல்லுடி. நான் சொல்றேன்ல, சொல்லு."

"அபிலாஷ்" என்றாள் ரஜிதா, மிக மெதுவாக. டாக்டர் நிமிர்ந்தார். எங்களைப் பார்த்து, "தள்ளுங்க" என்றார்.

படகு நகர்ந்தது. ஆஸ்பத்திரியில் அன்று சாயங்காலமே அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். எடை குறைந்த பெண் குழந்தை. ரஜிதாவுக்கு மறுநாள்தான் பார்வை தெளிந்தது. அதுவரை காளி வார்டு வாசலை விட்டு நகரவில்லை. அதன் பிறகு மாடிக்குப் போய் ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். சம்பந்தி வந்தபோது சாயாவோடு பருப்புவடையும் வைத்தாள்.

மூன்று மாதம் கழித்து வேறொரு துருத்திலிருந்து ஒரு தாயும் மகளும் சட்டிபானையோடு டாக்டர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "காளி பறஞ்சா, இங்க அம்மை வீடு இருக்குன்னு" என்றாள் தாய். அழைத்து வரும் சடங்கு நிற்கவில்லை. பலகாரத் தட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேரும். பெண்ணை மட்டும் துருத்துக்குப் போகாமல் நேரே மாடிக்குக் கூட்டி வந்துவிடுவார்கள். எல்லோரும் அப்படி வந்துவிடவில்லை. வராதவர்களைத் தேடி டாக்டர் படகேறினார்.