குழிக்குப் போகாத பைகள்

எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் 'பசுமை மருத்துவமனை' என்று ஒரு பலகை தொங்குகிறது. யார் யார் பேரெல்லாமோ அதில் இருக்கிறது. ஆரோக்கியம்மாள் பேர் இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான் நான். யாரும் எழுதாததால் நானே எழுதுகிறேன்.

2006. கடலூரில் அந்த ஆஸ்பத்திரிக்கு நான் வாட்ச்மேன். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு குழி. ஊசி, ரத்தத் துணி, குளுக்கோஸ் பாட்டில் எல்லாவற்றையும் அதில் கொட்டி நான்தான் கொளுத்துவேன். தெற்குக் காற்று அடிக்கிற நாளாகப் பார்த்துக் கொளுத்தச் சொல்வார் மேனேஜர் வைத்திலிங்கம். "தெக்கத்தி கெமிக்கல் கம்பெனி நாத்தத்துல நம்ம புகை எவனுக்குய்யா தெரியப் போவுது?"

ஆரோக்கியம்மாள் அக்காவுக்குத் தெரிந்தது. வார்டு கூட்டுகிற அவள் வீடு, குழிச் சுவருக்கு அந்தப் பக்கம்.

மஞ்சள் பையில் எது, சிவப்புப் பையில் எது என்று வார்டுக்கு வார்டு தாள் ஒட்டியிருந்தது. நர்சுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டார்கள். கலந்த பையை ஆஸ்பத்திரிக் குப்பை எடுக்கிற வண்டிக்காரன் தொடமாட்டான். அதனால்தான் குழி.

ஒருநாள் அப்படிக் கலந்த பையிலிருந்து ஊசி அக்கா உள்ளங்கையில் ஏறியது. பையை முடிச்சுப் போட்டு, வந்த வார்டுக்கே கொண்டுபோய் நர்சு மேசைக்கடியில் வைத்தாள்.

"நீங்க பெத்த புள்ள. நீங்களே வெச்சுக்குங்க."

மறுநாளும் அதேதான். வார்டு கூட்டுகிற மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

மேனேஜர் கூப்பிட்டார். "நாளையிலேருந்து வேலைக்கு வராத."

"வருவேன் சார். ஊசி குத்துன கைய காட்டிக்கினு வாசல்ல நிப்பேன்."

"மெரட்டுறியா?"

"மெரட்டல. எங்க நிப்பேன்னு வெவரம் சொல்றேன்."

அங்கிருந்து நேரே என்னிடம் வந்தாள். "தீப்பெட்டிய குடுடா சாமிக்கண்ணு. பீடிகூட குடிக்காதவனுக்கு அது எதுக்கு?" கொடுத்தேன். மனசாட்சி எல்லாம் இல்லை, பயந்துதான் கொடுத்தேன்.

நாலாம் நாள் ஆபரேஷன் அறை வாசல்வரை பைகள். பெரிய டாக்டர் கால் வைக்க இடமில்லாமல் நின்றார். அன்றைக்கே நர்சுகள் பிரிக்கக் கற்றுக்கொண்டார்கள். வண்டி வந்தது. குழியில் மண்ணைத் தள்ளினேன். அக்கா வேலையும் போகவில்லை. மேனேஜர் மட்டும் அவளோடு பேசுவதை விட்டார். "அது ஒரு நிம்மதி" என்றாள்.

2012இல் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தவளைச் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பார்க்கப் போனேன். முகத்திலிருந்த ஆக்சிஜன் மூடியை விலக்கிவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கடைசியாக அவள் என்னிடம் சொன்ன வேலை இதுதான்:

"பின்னால போயி பாத்துட்டு வாடா. குழி கிழி வெச்சிருந்தா சொல்லு, நான் எழுந்திரிக்கணும்."