என் வேலைக்கான மலாய்ச் சொற்கள்

மலாக்காவின் காஜா பேராங் பள்ளியில் மாலையில் நடந்த மலாய் வகுப்புக்கு ஒரு சட்டம் இருந்தது. வருகிறவர் ஒவ்வொருவரும் தம் வேலையிலிருந்து ஒரு சொல்லைக் கொண்டுவர வேண்டும். அது கரும்பலகையில் ஏறிவிட்டால் எல்லோருக்கும் சொந்தம். வாத்தியார், தலைமுறைகளாக மலாயே பேசும் மலாக்காச் செட்டி வீட்டுக்காரர். நெற்றியில் பட்டையாக விபூதி இருக்கும், தமிழ் மட்டும் வராது. அவரிடம் நாங்கள் மலாயில் தடுமாறியே ஆகவேண்டும்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்தியாவில் பிறந்த என்னைப் போன்றவர்கள் பிரஜாவுரிமை பெற, ஓர் அதிகாரி முன்னால் மலாயில் பேசிக் காட்ட வேண்டும். அது கிடைக்காதவர்களை அரசாங்க வேலையில் வைத்திருக்க மாட்டார்கள் என்று பேச்சு அடிபட்டது. மற்றவர்களுக்குச் சந்தையில் பழகிய மலாயாவது இருந்தது. நான் ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கில் இருந்தேன். அங்கே பேச்சுக்கு அதிகம் தேவையில்லை.

வகுப்பில் இதை நான் சொல்லவில்லை. தீபாவளிக்கு என் மனைவி பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய பலகாரம், என் வேலை தெரிந்ததும் தட்டோடு திரும்பி வந்திருக்கிறது. அதனால் “ஆஸ்பத்திரியில வேலை” என்பதோடு நிறுத்திக்கொள்வேன். என் முறை வந்தால் கட்டில், மருந்து, ஜன்னல் என்று எதையாவது கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

டோபிக்காரர் கழுவுவதற்கு ‘பாசோ’ கொண்டுவந்தார். லோரியில் மூட்டை ஏற்றுபவர் தூக்குவதற்கு ‘அங்காட்’ கொடுத்தார். தெங்கேராவில் மீன் விற்கும் அக்கா கொண்டுவந்தது ‘ஆயேர் பத்து’, அதாவது ஐஸ்.

“ஏந்தம்பி, நீ ஆஸ்பத்திரியில வேல பாக்குறியா, இல்ல ஆஸ்பத்திரிய வாங்கப் போறியா? கட்டிலு, கதவு, ஜன்னலுன்னு எண்ணிக்கிட்டே இருக்க!” என்றார் அக்கா ஒருநாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பிரஜாவுரிமைத் தேர்வுக்கு என் நாள் வந்தது. பண்டார் ஹிலிரில் இருந்த அலுவலகத்தில், அதிகாரி என் மனுவைப் படித்தார். என் வேலை என்னவென்று ஆஸ்பத்திரி ஆபீஸ் கிராணி அதில் தெளிவாகவே எழுதியிருந்தார். வேறு எதுவும் சொல்ல வழியில்லை.

அங்கே என்ன செய்கிறாய் என்று மலாயில் கேட்டார்.

“ஓராங் மாத்தி,” என்றேன். இறந்தவர்கள்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “பிறகு?”

என்னுடையதென்று ஒரு சொல்லும் இல்லை. கையால் தேய்த்துக் காட்டி “பாசோ” என்றேன். பிறகு “அங்காட்.” பிறகு “ஆயேர் பத்து.” சொந்தக்காரர்கள் வரும்வரை கூடவே இருப்பேன் என்று எப்படிச் சொல்வது? அவசரப்படுகிறவர்களிடம் வாத்தியார் ஓயாமல் சொல்லும் ‘துங்கு’ நினைவுக்கு வந்தது. காத்திரு என்று பொருள். “சாயா துங்கு,” என்றேன். நான் காத்திருக்கிறேன்.

அவர் என்னையே பார்த்தார். அங்கே பயமில்லையா என்று கேட்டார்.

“சீனி தாக்குட்,” என்றேன். இங்கேதான் பயம். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அதற்குமேல் எனக்கு வரவில்லை. அவர் முகம் கொஞ்சம் இளகியது. எதையோ எழுதிவிட்டு, “லூலுஸ்,” என்றார். தேர்ச்சி.

வெளியே வந்தேன். இதைவிடப் பெரிய சோதனை மறுநாள் வகுப்பில் காத்திருந்தது. தேர்வுக்குப் போய் வந்தவர், கேட்ட கேள்வியையும் சொன்ன பதிலையும் அப்படியே வகுப்பில் ஒப்பிக்க வேண்டும். அடுத்துப் போகிறவர்களுக்கு அதுதான் பாடம். போகாமலே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அடுத்துத் தேர்வுக்குப் போக வேண்டியவர் டோபிக்காரர். அவருக்கு மூன்று பிள்ளைகள்.

போனேன். கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று, ஒரு சொல் விடாமல் சொன்னேன். மீன்கார அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் பெஞ்சில் இருந்த டோபிக்காரர் எழுந்தார். இடம் மாறப் போகிறார் என்று தரையைப் பார்த்தேன்.

அவர் முன்வரிசைக்கு வந்து, எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

“இன்னொரு தடவ மொதல்லேர்ந்து சொல்லு தம்பி. மெதுவா. எனக்குச் செவ்வாக்கெழம.”