இரண்டு மணி அடித்ததும் வை

பல்லேகலயில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் நான் டெலிபோன் ஒபரேட்டர். பரமநாதன் அங்கே கம்பியூட்டர் அறைக்காரன். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவன், கட்டுகஸ்தோட்டையில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தான். நல்ல பிள்ளைதான், ஆனால் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டான், ஒரு வரி படிக்கமாட்டான். எந்தக் கடதாசியைக் கொடுத்தாலும் கையெழுத்து வைக்கிற இடத்தை மட்டும் பார்ப்பான். எனக்கு அது பெரிய எரிச்சல்.

இரண்டாயிரத்து எட்டின் கடைசியில் அவனுடைய ஒரே தங்கை கமலாசனி வன்னியில் ஷெல்லடிக்குள் அகப்பட்டிருந்தாள். வன்னியிலிருந்து அழைப்பு வந்த கைபேசியோடு சோதனைச்சாவடியில் பிடிபட்டால் விசாரணைதான். அதனால் கடைசியாகக் கதைத்தபோது அவளிடம் சொல்லியிருந்தான்: "பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு எங்கட கந்தோர் நம்பருக்கு எடு. ரெண்டு தரம் மணி அடிச்சதும் போனை வை. நீ உயிரோட இருக்கிறாய் எண்டு நான் அறிஞ்சுகொள்ளுவன்." அந்த நேரத்தில் அலுவலகத்தில் போனை எடுக்க ஆளில்லை. ஆனால் வந்த அழைப்பெல்லாம் கம்பியூட்டரில் ஒரு கோப்பில் வரிவரியாகப் பதிவாகும்.

அவள் இருந்த பக்கத்தில் மூன்று பேரிடம் சட்டலைட் போன் இருந்தது. எதில் சார்ஜ் இருக்கிறதோ அதில் எடுப்பாள். காலையில் வந்ததும் பரமநாதன் கறுப்புத் திரையில் கிரெப் என்ற தேடல் கட்டளையை அடித்து, மூன்று எண்களையும் நடுவே நேர்கோடு போட்டு எழுதுவான். ஆயிரக்கணக்கான வரிகளில், மூன்றில் ஏதாவது ஒன்று இருக்கிற வரி மட்டும் வரும். அதிலும் திகதியையும் எண்ணையும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடுவான். "மிச்சம் என்னத்துக்கு, ஹபீலா அக்கா?" என்பான்.

வரி வந்திருந்தால் என் மேசைக்கு வந்து, "இருக்கிறாள்" என்று சொல்லிவிட்டுப் போவான். ஏப்ரலில் ஒருநாள் லட்டுப் பெட்டியோடு வந்தான். "நேற்று மூண்டு தரம் எடுத்திருக்கிறாள் அக்கா." நானும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி இரண்டு லட்டுத் தின்றேன்.

அதற்குப் பிறகு ஒரு வரியும் வரவில்லை. மே மாதம் யுத்தம் முடிந்தது என்று தெருவெல்லாம் வெடி கொளுத்தினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். தப்பி வந்தவர்களின் முகாம் பட்டியல்களில் அவள் பெயர் இல்லை. தன் கட்டளையில்தான் ஏதும் பிழையோ என்று, ஒருநாள் எதையும் வெட்டாமல் முழு வரிகளாக எடுத்து என்னிடம் காட்டினான்.

என் தொழில் அது. என் கண் நேரே வரியின் கடைசிக்குப் போனது. அங்கேதான் மணி அடித்த வினாடிகள் இருக்கும். ஐந்து, ஆறு, ஐந்து என்று வரிவரியாக இறங்கி வந்து, கடைசி நாளின் மூன்று வரியிலும் அறுபது.

"இங்க மட்டும் என்ன தம்பி, அறுபது வினாடி ஈக்கி?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

அவன் குனிந்து பார்த்தான். எங்கள் டெலிபோன் போர்ட் அறுபது வினாடிக்கு மேல் மணியடிக்காது, தானே அறுத்துவிடும். அவள் வைக்கவில்லை. மூன்று தரமும் யாராவது எடுப்பார்களென்று காதில் வைத்தபடியே இருந்திருக்கிறாள்.

"அறுபது எண்டா எத்தினை மணி அக்கா?"

"இருபது" என்றேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன வாய்.

"அவளுக்கு என்னோட கதைக்க இருந்திருக்கு" என்றான். "நான் லட்டு வாங்கினனான்."

அன்றிலிருந்து அவன் ஆறு மணி பஸ்ஸில் போவதில்லை. எல்லாரும் போனபிறகு என் இடத்தில் வந்து இருப்பானாம். காலையில் நான் போகும்போது என் கதிரை போனை ஒட்டி இழுத்துப் போட்டபடி கிடக்கும். அதைத் தள்ளிப் போட எனக்குக் கை வராது.